இந்தப் பாட்டில் வேலை செய்வது யார்?

என் கடைக்கே வந்து, என் பாட்டை என் முன்னாலேயே வாய்விட்டுப் படித்து, "இதுல ஒண்ணுமே நடக்கலீங்களே" என்று சொன்ன ஒரே ஆள் டீச்சரம்மாதான். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

குன்னூருக்கு மேலே இருக்கிற எங்கள் சின்ன ஊரில் நான் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சி வரவேற்பு எல்லாம் அடிப்பேன். ஆனால் என் பெயரை மலை முழுக்கக் கொண்டுபோனது வாழ்த்து மடல்தான். ஒருவர் ரிட்டயர் ஆனாலும், மாற்றலாகிப் போனாலும், தேர்தலில் ஜெயித்தாலும் அவரைப் பற்றி ஒரு பாட்டு எழுதி, ஓரத்தில் பூ வேலைப்பாடு போட்டு அச்சடித்து, கண்ணாடி ஃபிரேமுக்குள் வைத்து, மேடையில் ஒருவர் கணீரென்று வாசிக்க, பொன்னாடையோடு சேர்த்துக் கையில் கொடுக்க வேண்டும். அது இல்லாத விழா எங்கள் பக்கம் விழாவே இல்லை. மஞ்சூரிலிருந்தும் ஜெகதளாவிலிருந்தும் ஆள் விட்டு என்னிடம் பாட்டு வாங்கிப் போவார்கள். போஸ்ட் மாஸ்டர் முதல் டீ ஃபேக்டரி மேனேஜர் வரை என் பாட்டில் நிலவாகாதவர்கள் இந்த மலையில் குறைவு. அந்த இறுமாப்பு எனக்கு உண்டு, மறைப்பானேன்.

டீச்சரம்மா குன்னூரில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் நடத்தியவர். பூர்வீகம் கோயமுத்தூர்ப் பக்கம். அவருடைய அப்பா காலத்திலேயே மலையேறிவிட்ட குடும்பம். எங்கள் பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது கட்சிக்காரர்கள் வந்து பேசியது அவரிடம் அல்ல, டீ ஃபேக்டரியில் வேலை பார்த்த அவர் கணவரிடம். பெயர் மனைவியுடையது, நாற்காலி கணவருடையது என்பதுதான் ஏற்பாடு. ஜெயித்த பிறகு கணவர் ஒரே ஒரு நாள் வெள்ளை வேட்டி சட்டையோடு பேரூராட்சி ஆபீசுக்குப் போனார். "ஏனுங்க, ஃபேக்டரிக்கு லீவு சொல்லீட்டீங்களா? இல்லீன்னா கெளம்புங்க, சங்கு ஊதீருவாங்க" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னாராம் டீச்சரம்மா. மனுஷன் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

தேர்தல் முடிவு வந்த மறுநாள்தான் என் கடைக்கு வந்தார். மெலிந்த உடம்பு, மெரூன் ஸ்வெட்டர், கொண்டையில் பூவுக்குப் பதில் ஒரு பென்சில். அவர் ஜெயித்ததற்குக் கட்சிக்காரர்கள் சொல்லி நான் அடித்த ஃபிளெக்ஸ் தரையில் விரித்துக் கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதன் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தார்.

நீலமலை பெற்றெடுத்த நிலவே வருக!
நெஞ்சமெலாம் நிறைந்திட்ட மலையே வருக!
ஆள வந்த அன்னையே சிங்கமே வருக!
ஆயிரமாண்டு அரியணையில் அமர்க, வாழ்க!

"ஆயிரம் வருசமுங்களா? கவர்மென்ட்டுல அஞ்சு வருசம்னுதானுங்க சொன்னாங்க" என்றார்.

"ஒரு அழகுக்குங்க டீச்சரம்மா. வாழ்த்துன்னா அப்படித்தானுங்க."

"செரி, அழகு இருக்கட்டும். இந்தப் பாட்டுல வேலை செய்யறது யாருங்க?"

எனக்குப் புரியவில்லை.

"வருக, வருக, வருக, அமர்க. வந்து உக்கார்றதத் தவிர இதுல எனக்கு வேற வேலையே இல்லீங்களே. இதுல ஒண்ணுமே நடக்கலீங்களே. நெலா, மலை, சிங்கம்னு மூணா ஆக்கிப்போட்டீங்க. மூணும் சேந்து ஒரு தெருவிளக்கக் கூட மாத்த மாட்டேங்குது."

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் கண் மூலைக்குப் போய்விட்டது. அங்கே ஓதம் ஏறாமல் இருக்க, காகிதக் கட்டுகளின் மேல் ஒரு பழைய ஃபிளெக்ஸைப் போர்த்தியிருந்தேன். எழுந்து போய் அதன் முனையைத் தூக்கிப் பார்த்தார். முந்தைய தலைவர் மீசையோடு சிரித்தார். பக்கத்தில் அதே பாட்டு. 'ஆள வந்த அண்ணலே' என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

வேறு யாராவது இருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்கள். அவர் சிரித்தார். "கவிஞருங்க, இந்தப் பாட்டு நெசமா என்ன வேலை செய்யுதுன்னு இப்பத்தான் தெரியுது. பேப்பர் நனையாமப் பாத்துக்குதே, அது ஒரு வேலை" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து என்னைக் 'கவிஞருங்க' என்றுதான் கூப்பிட்டார். அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எங்கே போனாலும் பழைய ஃபிளெக்ஸ்களைத் தேடித்தேடிப் படிப்பார். எங்கள் மலையில் ஃபிளெக்ஸ் வீணாவதில்லை. விழா முடிந்த மறுநாளே அது விறகுக் குவியலுக்கும் கோழிக்கூண்டுக்கும் கூரையாகிவிடும். மந்திரியாக இருந்தவர் தலைகீழாக மாட்டுச் சாணத்தின் மேல் கிடப்பார். டீச்சரம்மா ஜீப்பை நிறுத்தி இறங்கி, கழுத்தைச் சாய்த்து அந்த எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் படிப்பார். கூட வரும் கவுன்சிலர்களுக்குச் சங்கடமாக இருக்கும். "பதவி எத்தன நாளைக்குன்னு சந்தேகம் வந்தா நான் வெறகுக் குவியலத்தான் பாப்பேனுங்க" என்பார். சொல்லும்போது முகத்தில் வருத்தமும் இருக்காது, ஞானியின் களையும் இருக்காது. நேரத்தைத் தெரிந்துகொள்ளக் கடிகாரத்தைப் பார்ப்பவரின் அவசரம்தான் இருக்கும்.

ஒரு மழை நாளில் என் கடையில் மாட்டிக்கொண்டார். மழை விடுகிறவரை பேச்சு வேண்டுமே. நான் குத்தலாகவே கேட்டேன்: "எம் பாட்டெல்லாம் செரியில்லீன்னு சொல்றீங்களே, பதவி நெலைக்காதுன்னு நீங்க ஒரு பாட்டு எழுதினா எப்படி எழுதுவீங்க?"

"எழுதியிருக்கேனுங்க" என்றார். இடிந்து கிடக்கிற பழைய தோட்டத்துரை பங்களா ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து எழுதியதாம். கொண்டையிலிருந்த பென்சிலை உருவி, வீணான ஒரு பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதினார்.

கொடிக்கம்பம் இருக்கிறது.
கயிறும் இருக்கிறது.
கயிற்றில் இப்போது
யாரோ ஒருத்தியின் துண்டு காய்கிறது.

நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "என்னங்க இது, ஒரு உவமை கூட இல்ல. பதவிங்கற சொல்லும் இல்ல, போச்சுங்கற சொல்லும் இல்ல. துரையவே காணோமுங்களே!"

"அதேதானுங்க. துரையக் காணோம்" என்று மேசையைத் தட்டினார். "நீங்க இருந்தா என்ன எழுதுவீங்க? 'எங்கே போனான் அந்தத் துரை, எங்கே அவன் அதிகாரம்'னு எழுதுவீங்க. எழுதினாப் போதும், செத்தவன் எந்திரிச்சுப் பாட்டுக்குள்ள வந்து நின்னுக்குவான். படிக்கறவன் அவனத்தான் பாப்பான். நான் கூப்புடவே இல்லீங்க. கம்பம் இருக்குது, கயிறு இருக்குது. ரெண்டு தடவ 'இருக்குது, இருக்குது'ன்னு சொன்னா, மூணாவதா எது இல்லீன்னு உங்க மனசே தேடும். நான் சொல்ல வேண்டியதே இல்ல."

"அந்தத் துண்டு?"

"அதுலதானுங்க எல்லாம் இருக்குது. கொடி ஏத்துன கயிறு அது. அன்னைக்கு அது மேல ஏறும்போது எல்லாரும் தொப்பியக் கழட்டியிருப்பாங்க. இன்னைக்கு அதே கயித்துல ஒரு பொம்பள ஈரத்துண்ட வீசிப் போட்டுட்டுப் போயிட்டா. அவ யாரையும் பழிவாங்கல. அவளுக்குக் காயப்போட ஒரு கயிறு வேணும், அவ்வளவுதான். அதிகாரம் போறதுன்னா இடி இடிச்சுப் போறதில்லீங்க. சாதாரணமா ஒரு துண்டு வந்து அந்த எடத்துல உக்காந்துக்கும்."

"அப்ப அந்தப் பொம்பள ஜெயிச்சுட்டாங்கறீங்க."

"ஆரு சொன்னா? 'காய்கிறது'ன்னுதானுங்க போட்டிருக்கேன். சாயங்காலம் காஞ்சிரும், எடுத்துருவா. அப்புறமேட்டுக்கு அந்தக் கயித்துல எதுவும் இருக்காது. அவளுக்கும் அது சொந்தமில்ல. அதனாலதான் பேர் போடாம 'யாரோ ஒருத்தி'ன்னு விட்டுட்டேன்."

மழை விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தக் காகிதத்தை நான் குப்பையில் போடவில்லை. பிடித்திருந்தது என்று சொல்ல மனசு வரவில்லை, அவ்வளவுதான். எதுகை இல்லாத பாட்டு எனக்கு இன்றைக்கும் உப்பில்லாத சோறுதான்.

நியாயமாகச் சொன்னால், அவருடைய இந்தக் குணத்தால் காயப்பட்டவர்களும் உண்டு. ஒரு கவுன்சிலர் தன் பிறந்தநாளுக்கு என்னிடம் எழுதி வாங்கிய பாட்டை ஆசையாகக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். "நல்லா இருக்குதுங்க. இதுல நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டிருக்கிறார் டீச்சரம்மா. அவர் அதற்கப்புறம் கூட்டத்தில் டீச்சரம்மா பக்கம் திரும்பவே இல்லை. ஊரில் பாதிப்பேர் "திமிர் புடிச்சது" என்றார்கள். நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன்.

தண்ணீர் விவகாரம் வந்தபிறகுதான் அந்தக் கேள்வி வெறும் பாட்டைப் பற்றியது இல்லை என்று எனக்கு விளங்கியது.

எங்கள் ஊருக்குத் தண்ணீர் சோலைக்குள்ளிருக்கும் ஓடையிலிருந்து வந்து ஒரு தொட்டியில் சேரும். தொட்டியிலிருந்து இரண்டு குழாய். ஒன்று மேட்டுக் காலனிக்கு, இன்னொன்று கீழே கடைவீதிக்கும் கீழ்த்தெருவுக்கும் லாட்ஜுகளுக்கும். கீழ்க்குழாயின் வால்வு திறந்திருந்தால் தண்ணீரெல்லாம் பள்ளத்துக்கு ஓடிவிடும். மேட்டுக்குக் காற்றுதான் வரும். மேட்டுக் காலனியில் இருப்பவர்கள் கொழுந்து பறிக்கிற பெண்கள். காலையில் வேலைக்குக் கிளம்புவதற்குள் தண்ணீர் வந்தால் உண்டு, இல்லையென்றால் சாயங்காலம் களைத்து வந்து ஓடைக்கு இறங்கிச் சுமக்க வேண்டும். பல வருஷமாகச் சுமந்துகொண்டுதான் இருந்தார்கள். காலையில் லாட்ஜில் டூரிஸ்ட் குளிக்க வேண்டும், அதனால் முதல் முறை கீழே என்பது எழுதாத சட்டம்.

டீச்சரம்மா வந்த முதல் கோடையிலேயே அதை மாற்றினார். காலை முதல் முறை மேட்டுக்கு. அது நிரம்பிய பிறகே கீழே. லாட்ஜ் முதலாளி ஆபீசுக்கு வந்து சத்தம் போட்டார். டீச்சரம்மா அவருக்கு டீ கொடுத்துவிட்டு, "டூரிஸ்ட் ஒரு நாழி கழிச்சுக் குளிக்கலாமுங்க. கொழுந்து பறிக்கறவங்க ஒரு நாழி கழிச்சு வேலைக்குப் போனா அன்னைக்குச் சம்பளம் இல்ல" என்று சொல்லி அனுப்பினார். உத்தரவு நின்றது. அவர் வீடு இருந்ததும் கீழ்த்தெருவில்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

பதவிக்காலம் முடியப்போகிற வருஷம் லாட்ஜ் முதலாளி சத்தம் போடுவதை நிறுத்திவிட்டார். வழியில் பார்த்தால் கும்பிட்டு, "இன்னுங் கொஞ்ச நாள்தானுங்களேம்மா" என்பார், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்புதான் டீச்சரம்மாவைத் தூங்கவிடவில்லை என்று நினைக்கிறேன். "தீர்மானம் போட்டு வெச்சுட்டுப் போங்களேன்" என்று நான் ஒருநாள் சொன்னேன்.

"என்ற தீர்மானத்த அடுத்து வர்றவங்க தீர்மானம் அழிச்சுரும். காகிதம் தாங்காதுங்க. மேட்டு ஆளுங்களே தொறக்கப் பழகோணும்."

வால்வைத் திறந்து மூடுகிற வாட்டர்மேனுக்கு வயசாகிவிட்டது. உடம்பு சரியில்லாத நாட்களில் மேட்டுக் காலனி சாந்திதான் அவரிடம் கம்பியை வாங்கிக்கொண்டு போய் வால்வைத் திருப்புவாள். ஆள் ஒல்லி, ஆனால் கொழுந்து மூட்டை தூக்கிப் பழகிய தோள். டீச்சரம்மா அவளையும் மற்றவர்களையும் கூப்பிட்டு, முறை வைத்துக்கொண்டு நீங்களே வாட்டர்மேனோடு நின்று திறங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். அவர்கள் சொன்ன பதில் ஒன்றுதான்: "அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே டீச்சரம்மா! நீங்கதானுங்க எங்களுக்குத் தண்ணி."

என் பாட்டைக் கேட்டுக்கூட அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை.

பதவி முடிகிற அன்று சாயங்காலம் சமுதாயக்கூடத்தில் பாராட்டு விழா. வாழ்த்து மடலுக்குச் சொன்னது கட்சிக்காரர்கள் இல்லை, மேட்டுக் காலனிப் பெண்கள். சாந்தியும் இன்னும் சிலரும் கடைக்கு வந்து, "அண்ணா, அழுகை வர்ற மாதிரி எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். நானும் வஞ்சகமில்லாமல், இந்தத் தடவை யாருக்கும் எழுதாத புதுப்பாட்டாக, 'வேலை' உள்ள பாட்டாகவே எழுதினேன். டீச்சரம்மா வாயை அடைத்துவிட வேண்டும் என்ற வீம்பும் கூட இருந்தது. விழாவில் சாந்தியே வாசித்தாள்.

வறண்ட எம் வாசலில் மழையென வந்தாய்!
வாடிய மேட்டுக்குத் தாயென நின்றாய்!
பூட்டிய குழாயினைத் திறந்துநீ தந்தாய்!
போனபின் எமக்கொரு விடியலும் உண்டோ?

கூடத்தில் பாதிப்பேர் மூக்கை உறிஞ்சினார்கள். முன்வரிசையில் இருந்த லாட்ஜ் முதலாளி எல்லாரையும் விடப் பலமாகக் கைதட்டினார். ஃபிரேமைக் கையில் வாங்கிய டீச்சரம்மா எல்லாரையும் கும்பிட்டார். பிறகு மைக்குக்கு முன்னால் நின்று அந்தப் பாட்டைத் தானும் ஒருமுறை மெதுவாகப் படித்தார்.

"பாட்டு எனக்குப் புடிச்சிருக்குதுங்க" என்று ஆரம்பித்தார். "படிக்கப் படிக்க மனசு குளுந்துபோச்சு. அதனாலதான் பயமாவும் இருக்குது. மொத வரில நான் வர்றேன். ரெண்டாவதுல நான் நிக்கறேன். மூணாவதுல நான் தொறக்கறேன். நீங்கெல்லாம் இதுல எங்கீங்க இருக்கீங்க? 'எம் வாசல்'னு வாசல்ல உக்காந்திருக்கீங்க. 'எமக்கு'ன்னு கை நீட்டறீங்க. செய்யறதெல்லாம் நானு, வாங்கறது நீங்க. அப்புறம் கடைசி வரியப் பாருங்க. போனபின் விடியலும் உண்டோ. கவிஞரு பொய் எழுதலீங்க. இப்படி ஆரம்பிச்ச பாட்டு இப்படித்தான் முடியும். எல்லாத்தையும் ஒரே ஆளு செஞ்சா, அந்த ஆளு எந்திரிச்சுப் போற அன்னைக்கு எல்லாம் கூடவே போயிரும்."

சாந்தி முகம் தொங்கிப்போயிற்று. ஆசையாகக் கொடுத்ததை இப்படியா கிழிப்பது, இதென்ன கல்நெஞ்சு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆபீஸ் சாவியக் குடுத்துட்டேனுங்க. இந்தப் பாட்டுப்படி பாத்தா நாளைக்குக் காலைல உங்களுக்குத் தண்ணி வராது. முன்னால உக்காந்திருக்கற லாட்ஜுக்காரருக்கு இந்தப் பாட்டு எதுக்கு அவ்வளவு புடிச்சுதுன்னு நெனைக்கறீங்க?"

சிரிப்பு வெடித்தது. லாட்ஜ் முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சாந்தி, குழாயத் தொறந்தது நானாங்கண்ணு? அந்த வால்வ எந்தப் பக்கம் திருப்போணும்னு கூட எனக்குத் தெரியாது. ஆரு தொறந்தது?"

பின்னாலிருந்து வாட்டர்மேன், "அந்தப் புள்ளதானுங்க. நான் படுத்திருந்தப்பெல்லாம் அதுதான்" என்றார்.

"மேட்டுக்குக் குழாய் பதிக்கக் குழி வெட்டுனது ஆரு?"

"நாங்கதானுங்க!" என்று பல குரல்கள்.

"கவிஞருங்க, சித்த மேல வாங்க."

போனேன். போகாமல் என்ன செய்வது. ஃபிரேமின் பின்பக்க ஆணிகளை என்னையே கழற்ற வைத்து, கொண்டையிலிருந்து பென்சிலை உருவிக் கையில் கொடுத்தார். என் பாட்டை நானே அடித்தேன். அவர் சொல்லச் சொல்ல, ஊர் திருத்தத் திருத்த, ஓரத்துப் பூ வேலைப்பாட்டுக்குள் இப்படி எழுதினேன்:

ஓடைத் தண்ணீர் மேட்டுக்கு வந்தது.
குழி வெட்டியவர்கள் மேட்டுக் காலனி ஆட்கள்.
வால்வைத் திறந்தது சாந்தி.
நாளைக் காலை திறப்பது

"எழுதிட்டனுங்க. அப்புறம்?" என்று கேட்டேன்.

"அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு டீச்சரம்மா கூட்டத்தைப் பார்த்தார். எதுகையும் போய், மோனையும் போய், கடைசி வரி பாதியில் நின்றது. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. லாட்ஜில் துணி துவைக்கப் போகிற பெண்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். முதலாளி பார்த்துக்கொண்டிருக்கிறார். வேலை போய்விடும் என்ற பயம் எல்லார் முகத்திலும் தெரிந்தது. டீச்சரம்மா யாரையும் அவசரப்படுத்தவில்லை. மைக்கை விட்டு விலகி, ஸ்வெட்டர் கைகளை இழுத்து விட்டுக்கொண்டு நின்றார். ஸ்வெட்டர் கையிலிருந்து ஒரு நூலை அவர் விரல்கள் உருவிக்கொண்டே இருந்ததைப் பக்கத்தில் நின்ற நான் மட்டும் பார்த்தேன். கல்நெஞ்சு இல்லை. இவர்கள் எழுந்திருக்காவிட்டால் தான் செய்ததெல்லாம் விறகுக் குவியலுக்குப் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"நானுங்க" என்றாள் சாந்தி.

"சத்தமாச் சொல்லு கண்ணு, கவிஞருக்குக் கேக்கலியாம்."

"நாந்தான் தொறப்பேன்! எழுதுங்கண்ணா!"

எழுதினேன். "அடுத்த நாளு நானு" என்று பின்னாலிருந்து இன்னொரு குரல். அதற்கடுத்த நாள் வேறொருத்தி. காகிதத்தில் இடம் போதாமல் பூக்களின் மேலேயே பெயர்களை எழுதினேன். என் வாழ்நாளில் இவ்வளவு அசிங்கமான வாழ்த்து மடலை நான் கண்டதில்லை. டீச்சரம்மா அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. தொட்டிப் பக்கம் வால்வு அறைச் சுவரில் மாட்டச் சொல்லி வாட்டர்மேனிடம் கொடுத்துவிட்டார்.

மறுநாள் விடியும்போதே மப்ளரைச் சுற்றிக்கொண்டு தொட்டிக்குப் போனேன். என் எதுகை எதற்காகச் செத்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். மூடுபனியில் முதலில் ஜீப் விளக்குதான் தெரிந்தது. லாட்ஜ் மேனேஜர் வாட்டர்மேனிடம், "இனி பழையபடி கீழதான் மொதல்ல. அம்மா பதவி முடிஞ்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வால்வு அறை வாசலில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாந்தி நின்றாள். பின்னால் குடங்களோடு காலனிப் பெண்கள்.

"அம்மாவுக்குத்தானுங்க முடிஞ்சுது. எனக்கு இன்னைக்கு மொறை" என்றாள் சாந்தி.

"ஆரு போட்ட மொறை அது?"

"சுவத்துல இருக்குதுங்க, படிச்சுக்குங்க. நேத்து உங்க மொதலாளி முன்னால வெச்சுத்தான் எழுதுனாங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் கவிஞன் என்ற முறையில் தலையாட்டினேன். அவர் போனை எடுத்தார். பனியில் சிக்னல் கிடைக்கவில்லை. சாந்தி உள்ளே போய்க் கம்பியை மாட்டி, உடம்பு முழுவதையும் கொடுத்துத் திருப்பினாள். குழாய்க்குள் தண்ணீர் மேட்டுப் பக்கம் ஏறும் சத்தம் கேட்டது. ஜீப் திரும்பிப் போனது. லாட்ஜ் ஆட்கள் அடுத்தடுத்து வந்தார்கள், மிரட்டினார்கள், துணி துவைக்கிறவர்களில் இரண்டொருவருக்கு வேலையும் போயிற்று. முறை மட்டும் இன்றுவரை மாறவில்லை.

டீச்சரம்மா பிறகு மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார். இப்போது நான் அவரைப் பார்ப்பதில்லை. அவரை நினைத்தால் எனக்கு அந்த மேடை வருவதில்லை. அன்று காலை தொட்டியிலிருந்து இறங்கி வரும்போது கீழ்த்தெருவில் பார்த்ததுதான் வருகிறது.

தெருக்குழாயில் நீண்ட வரிசை. காலிக் குடத்தோடு வரிசையின் கடைசியில் டீச்சரம்மா. முன்னால் நின்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். "இன்னைக்காச்சும் நமக்கு மொதல்ல வரும்னு பாத்தோம்" என்று ஒருத்தி அவர் காதுபடவே சொன்னாள். அவர் என்னைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான்.

"மேட்டுக்கு வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சுங்க. சாந்திதான் தொறந்தா."

கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டர் கையால் துடைத்தார். துடைத்து முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. வெகுநேரம் கழித்து எங்கள் குழாய் இருமி, காற்றைத் துப்பி, தண்ணீர் விட்டது. வரிசையில் முதலில் நின்ற பெரியவர் பழக்க தோஷத்தில் ஒதுங்கி, "நீங்க மொதல்ல புடிங்கம்மா" என்றார்.

"வேண்டாமுங்க. என்ற மொறை வரட்டும்."

எனக்கு அந்த நேரத்தில் அவர்மேல் வந்த பிரியத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தெரிந்த ஒரே தொழிலைத்தான் சொன்னேன். "டீச்சரம்மா, உங்களப் பத்தி நான் நெசமாவே ஒரு பாட்டு எழுதோணும்."

குடத்தை ஓரடி நகர்த்தி வைத்துக்கொண்டே சொன்னார்: "எழுதறதா இருந்தா, வரிசையில நின்னேன்னு எழுதுங்க கவிஞருங்க. அது நான் செஞ்ச வேலை."

டீச்சரம்மா வரிசையில் நின்றார்.